மிச்ச டேப்பில் ஜெயபாய்

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் அபுபக்கரின் ரெக்கார்டிங் கடை இருந்தது. புகுந்த வீட்டில் ஒத்துவராமல் திரும்பி வந்த தங்கை மாஜிதாவை, வேலையாள் பட்டாளத்துக்குப் போன பிறகு, 1989-இல் அவர் மெஷின் முன்னால் உட்கார வைத்தார். அடுப்படியே கதி என்று கிடக்கவிடாமல் அவளைக் காப்பாற்றியது அந்த முக்காலி ஒன்றுதான்.

கேட்ட சினிமாப் பாட்டுகளைக் கேசட்டில் ஏற்றுவது அவள் வேலை. அட்டையில் பாட்டுப் பெயர்களை முத்து முத்தாக எழுதுவது அண்ணன் வேலை. ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் கொஞ்சம் டேப் மிஞ்சும். அதை வெறுமனே விட்டால் ஏமாற்றிவிட்டதாக வாங்கியவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று ஏதாவது பாட்டைப் போட்டு நிரப்புவார்கள். அது நடுவில் அறுந்தாலும் யாரும் கேட்பதில்லை, அதன் பெயரை அட்டையில் எழுதுவதும் இல்லை.

விலைபோகாத கேசட்டுகளை மூட்டையாக வாங்கி, அழித்து, மேலே சினிமாப் பாட்டு ஏற்றுவதும் உண்டு. அப்படி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த மூட்டையில் ஒன்று அவள் கையில் சிக்கியது. அட்டையில் ஒரு பெண் சிரிக்காமல் நேரே பார்த்தாள். பாட்டு, மெட்டு, குரல் எல்லாம் ஜெயபாய் என்று போட்டிருந்தது. அதென்ன, எல்லாமே ஒருத்தியா? அழிப்பதற்கு முன் ஓடவிட்டுப் பார்த்தாள்.

"எங்க போறேன்னு கேக்காதே, போயிட்டு வந்து சொல்லுதேன்" என்று பாடியது அந்தக் குரல். கெஞ்சலும் இல்லை, குழைவும் இல்லை. அடுத்த தெருவுக்குப் போகவும் அனுமதி கேட்டே வளர்ந்த மாஜிதாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. அழுது முடித்ததும் வைராக்கியம் வந்தது. இதை அழிக்க மாட்டேன், ஊரே கேட்கட்டும்!

அன்று முதல் மிஞ்சிய டேப்பிலெல்லாம் ஜெயபாய்தான்.

புகார் வராமல் இருக்குமா? மில்லில் வேலை பார்க்கும் ஒருவர், "என்ன பாய், கடைசியில ஒரு பொம்பள அதட்டுதா?" என்று கேசட்டை வீசிவிட்டுப் போனார். அபுபக்கருக்கு முகம் கறுத்தது.

"ஏட்டி, இன்னொரு ஆளு இதுக்குக் குறை சொல்லி வரட்டும், பொறவு நீ கடைப்பக்கமே வரப்படாது."

"சரிண்ணே" என்றாள். அடுத்த கேசட்டிலும் ஜெயபாயைத்தான் போட்டாள். பயமில்லாமல் இல்லை, இருந்தாலும் பட்டனை அழுத்தினாள்.

சில நாளில் செட்டியார்பட்டி வேன் டிரைவர் சீனிச்சாமி விறுவிறுவென்று வந்து மேசையில் கேசட்டைப் போட்டார். அபுபக்கர் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். மாஜிதா முக்காலியை விட்டு எழுந்தாள்.

"என்ன பாய் கடை நடத்துதீக? கடைசிப் பாட்டு பாதியில அறுந்துபோச்சு. அந்தம்மா எங்க போனாகன்னு கேட்டு வண்டியில வந்த அம்புட்டுப் பேரும் என் உசுர எடுக்காக. முழுசாப் போட்டுக் குடுங்க."

மாஜிதா மறுபடி உட்கார்ந்தாள். புதுக் கேசட்டைச் சொருகிவிட்டு, அட்டையையும் பேனாவையும் அண்ணன் பக்கம் தள்ளினாள்.

"பேரு எழுதுங்கண்ணே. ஜெயபாய்."

அவர் எழுதி முடிக்கும்வரை அவள் பட்டனை அழுத்தவில்லை.