சக்கரவர்த்தியும் இரண்டாவது காயிலும்

“ஒரு தடவ மூடியப் போட்டு ஸ்க்ரூவ முடுக்கிட்டேன்னா முடுக்கினதுதான். என் வேலைய நானே திரும்பத் தெறந்து பாத்ததா சரித்திரமே கிடையாது!”

செங்கம் ரோட்டு டீக்கடையில் சக்கரவர்த்தி இப்படிப் பிரகடனம் செய்தபோது ஏழு பேர் இருந்தார்கள். ஒருவரும் மறுக்கவில்லை. அவர் செய்த வேலை பழுதானால் இந்த ஊரில் வேறு ஆளைக் கூப்பிடுவதுதான் வழக்கம். ஆகவே சரித்திரம் சேதமில்லாமல் இருந்தது.

சக்கரவர்த்தி எலக்ட்ரீஷியன். வயது ஐம்பத்திரண்டு. வீடு அடி அண்ணாமலையில். ஆட்சி எல்லை அங்கிருந்து ரமணாசிரமம் வரை. பட்டத்து யானை இல்லாத குறையை ஒரு மொபெட் தீர்த்து வந்தது. அதுவும் யானையைப் போலவே தனக்கு இஷ்டம் இருந்தால்தான் கிளம்பும். கெய்சர், கிரைண்டர், போர் மோட்டார் எல்லாவற்றையும் வென்றுவிட்ட ஒரு மனிதருக்கு வாழ்க்கையில் அடுத்து என்ன மிச்சம் என்று நாங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்த சமயத்தில்தான் அருணாதேவியின் புகைப்பெட்டி குறுக்கே வந்தது.

அருணாதேவி ஆசிரமத்துக்குப் பின்தெருவில் சின்ன கஃபே நடத்துகிறார். சமையலறையில், வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த ஒரு ஸ்டீல் பெட்டி நெஞ்சு உயரத்துக்கு நிற்கும். அடியில் ஒரு ஹீட்டர் காயில், அதாவது சூடேறும் கம்பிச்சுருள். அதன்மேல் தட்டில் மாங்கட்டைச் சில்லுகள் கனிந்து புகையும். மேலே அடுக்கடுக்காகப் பன்னீர். விறகடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு மாமியாரைத் திட்டிய ஊர் இது. அதே புகை பன்னீரில் ஏறினால் வெளிநாட்டுக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு “ஆஹா” என்கிறார்கள். நாகரிகம் என்பது புகை எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பொறுத்தது போலும்.

சிக்கல் இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு யோகா குழுவின் விடைபெறும் விருந்து, நாற்பது பேர். ஒன்பது கிலோ பன்னீர் புகைய வேண்டும். விருந்து பிடித்துப்போனால் அடுத்த சீசன் முழுக்க அவர்கள் சாப்பாடு அருணாதேவியிடம். பிடிக்காவிட்டால் எதிர்த்தெரு பீட்சாக் கடையில். பெட்டியோ பாதி நிரப்பினாலே எழுபது டிகிரியில் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. பன்னீர் வியர்த்துக்கொண்டு வெளியே வருகிறது.

“இன்னொரு காயில் போட்டுட்டா முடிஞ்சுது” என்றார் சக்கரவர்த்தி.

“ஏண்ணா, ஒரே பொட்டியில ரெண்டு பேர வச்சா சண்ட போட்டுக்க மாட்டாங்களா?” என்றாள் சமையல்காரி பொன்னி.

“நீ வெங்காயத்தப் பாரு.”

வியாழக்கிழமை பௌர்ணமி. ஊர் கொள்ளாத ஜனம் மலை சுற்றிக்கொண்டிருந்த பிற்பகலில், சக்கரவர்த்தி பெட்டியின் அடிமூடியைத் திறந்து படையெடுத்தார். பழைய காயிலுக்குப் பக்கத்தில் புதியது. பழையதைப் போலவே அதுவும் எழுநூற்றைம்பது வாட். சூடு தாங்கும் ஒயரில் இணைப்பு கொடுத்து, பழைய காயில் போகும் அதே லைனில், அதே பிளக்கில் சேர்த்தார். ஸ்விட்சைத் தட்டினார்.

“எழுபது!” என்று பெட்டியின் டிகிரி முள்ளைப் பார்த்துப் பொன்னி கத்தினாள். “எழுபத்தஞ்சு! எண்பது! அக்கா, ஓடி வாங்க, எண்பத்தஞ்சு தாண்டிடுச்சு!”

கிரிக்கெட் ஸ்கோர் கேட்கும் ஆர்வத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஸ்பூனோடு எழுந்து வந்தார்கள். தொண்ணூற்றைந்தில் கைத்தட்டல் எழுந்தது. சக்கரவர்த்தி மீட்டரை ஒயரில் மாட்டிக் காட்டினார்.

“பாத்துக்கங்கம்மா. ஆறு ஆம்பியர் பிளக்கு. ஓடுறது அஞ்சு. மிச்சம் ஒண்ண நீங்களே வச்சுக்கங்க.”

மூடியைப் போட்டார். எட்டு ஸ்க்ரூவையும் முடுக்கினார். சரித்திரம் மூடப்பட்டது.

சனிக்கிழமை மதியம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். மனைவி தனம் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

“இன்னாங்க இது, ஃபேன் இந்த ஓட்டம் ஓடுது? அப்பளம் பறந்துடும் போல.”

“ஜனம் எல்லாம் ஊருக்குப் போயிட்டாங்க இல்ல? பௌர்ணமின்னா லாட்ஜ் ஏசி, ஜூஸ் கடை மிக்ஸி எல்லாம் இழுக்கும், வோல்டேஜ் கம்மி. இப்ப இழுக்க ஆள் இல்ல, ஜாஸ்தியா…”

கையில் எடுத்த கவளம் அங்கேயே நின்றது. அவர் மீட்டர் பிடித்தது பௌர்ணமி அன்று. வோல்டேஜ் நூற்றெண்பதோ என்னவோ, அதில் ஐந்து ஆம்பியர். இன்று இருநூற்று நாற்பத்தைந்து வருகிறது. அதே இரண்டு காயிலும் இன்று ஏழு இழுக்கும். பிளக் தாங்குவது ஆறு. பெட்டிக்குப் பக்கத்தில் மர அலமாரி. அலமாரிக்குப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர்.

“ரசம் ஊத்தவா?”

“வந்து ஊத்திக்கறேன்.”

மொபெட் அன்று ஒரே உதையில் கிளம்பியது. ஆட்டோக்களுக்கு நடுவே, மாடுகளுக்கு ஓரமாக, ஒரு சாமியாரின் கமண்டலத்தை மயிரிழையில் தவறவிட்டு, சக்கரவர்த்தி பறந்தார். கஃபே வாசலிலேயே மாம்புகை மணத்தது.

“வாங்கண்ணா! நாளைக்கி விருந்துக்கு ஒத்திகை பாத்துனு இருக்கேன். அரை மணியா ஓடுது, நூத்திப்பத்து!” என்றார் அருணாதேவி, முகமெல்லாம் சிரிப்பாக.

சக்கரவர்த்தி நேராக ஓடி மெயினை இறக்கினார். பிறகு பிளக்கைத் தொட்டார். தொட்ட வேகத்தில் கையை உதறினார். துணியால் பிடித்து அதை உருவினார். பின்களைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் டீ நிறத்துக்கு மாறி, ஒரு ஓரம் குழைந்திருந்தது.

“இன்னாணா ஆச்சு?”

தூசி என்று சொல்லலாம். கம்பெனி பிளக் சரியில்லை என்று சொல்லலாம். நம் ஊரில் எல்லாத் தவறுகளையும் செய்வது கம்பெனிதான். சக்கரவர்த்தி பிளக்கை அருணாதேவியின் கண்ணெதிரே நீட்டினார்.

“தப்பு என்னுதும்மா. பௌர்ணமி கரண்ட்ட நம்பிட்டேன். ரெண்டு காயிலையும் ஒரே லைன்ல போட்டிருக்கக் கூடாது.”

“நாளைக்கி விருந்துண்ணா…”

“சாயங்காலத்துக்குள்ள முடிச்சுத் தரேன்.”

பெட்டி ஆறும்வரை கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்தார். பொன்னி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டு ஸ்க்ரூவும் கழன்றன. புதிய காயிலுக்குப் போர்டிலிருந்து தனி லைன், தடித்த ஒயர், பதினாறு ஆம்பியர் சாக்கெட், தனி ட்ரிப் ஸ்விட்ச். பழைய காயிலுக்கும் புது பிளக். பெட்டியில் ஏற்கெனவே இருந்த தெர்மோஸ்டாட் மக்கர் செய்தாலும் சூடு எல்லை மீறினால் தானே துண்டிக்கும் கட்-அவுட் ஒன்று. பெட்டியின் உடம்புக்கு எர்த் சரியாகப் போகிறதா என்று மூன்று இடத்தில் சோதித்தார். பிறகு ஓட்டிப் பார்த்தார்: இருநூற்று நாற்பத்தைந்தில், ஒரு லைனுக்கு மூன்றரை ஆம்பியர். ஒரு மணி நேரம் கழித்து இரண்டு பிளக்கையும் தொட்டார். ஜில்லென்று இல்லை, ஆனால் கையை வைத்துக்கொண்டே பேச முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது கிலோவும் பொன்னிறத்தில் வெளியே வந்தது. நாற்பது பேரும் கண்ணை மூடினார்கள். யோகா ஆசிரியர் மூன்றாம் முறை தட்டை நீட்டிக்கொண்டே அடுத்த டிசம்பருக்குத் தேதி கேட்டார். அருணாதேவி உள்ளே ஓடிவந்து பொன்னியைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

மாலை நாலு மணிக்குப் பெட்டி ஆறியிருந்தது. எதுவும் பழுதாகவில்லை, யாரும் கூப்பிடவில்லை. சக்கரவர்த்தி பின்கதவு வழியாக வந்தார். மெயினை இறக்கினார், டெஸ்டரை வைத்துப் பார்த்தார், தரையில் ஒருக்களித்துப் படுத்து, அடிமூடியின் முதல் ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்தார்.