மெர்சியினுடையதை விடப் பெரிய கிடாரம்

பார்லி அவியும் வாசம்... சுட்ட பாணும் சீனிப்பாகும் கலந்தது போல இருக்கும். சனிக்கிழமைகளில் எங்கள் குசினித் திரைச்சீலையில்கூட அது ஒட்டிக்கொண்டிருக்கும்.

அப்போது ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒரு கீழ்வீட்டில் இருந்தோம். மன்னார்க்காரி மெர்சியும் நானும் ஒரே பேக்கரியில் வேலை. கூட வேலை செய்த ஜெர்மன்காரி ஒருத்தி, தான் வீட்டில் பார்லியில் காய்ச்சிய பியரை ஒருநாள் கொண்டுவந்து தந்தாள்.

"நாங்களும் காய்ச்சிப் பாத்தா என்னடி?" என்றாள் மெர்சி.

என் புரியாணிச் சட்டியில்தான் தொடங்கினோம். ஒவ்வொரு முறையும் பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் பிசுபிசுக்கும். துடைப்பதும் சிரிப்பதுமாகவே பொழுது போகும்.

பிறகு மெர்சி தனக்கென்று ஒரு கிடாரம் வாங்கினாள்.

முப்பது லீற்றர். தடித்த அடி. பக்கத்தில் சூடு காட்டும் முள்ளு, கீழே வடித்தெடுக்க ஒரு குழாய்... "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் வீட்டிலிருந்து கிளம்பினேன். ட்ராமில் வரும்போதெல்லாம் அதே நினைப்புதான். என்னிடம் ஒரு சொல் சொல்லாமல் எப்படி வாங்கினாள்? இனி என் சட்டி எதற்கு? நான்தான் எதற்கு?

அடுத்த கிழமையே கணவரை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். வீட்டில் கறண்ட் அடுப்பு என்றதும், முப்பது லீற்றரே போதும் என்றார் கடைக்காரர். எனக்கு அந்த முப்பதைக் கேட்கவே பிடிக்கவில்லை. மூலையில் நின்ற எழுபது லீற்றரைக் காட்டினேன்.

"உமக்கென்ன விசரே? கோயில் அன்னதானத்துக்கோ?" என்றார் கணவர்.

"மெர்சியின்ரயை விடப் பெரிசு வேணும்."

சனிக்கிழமை பார்லிச் சாற்றை அதில் நிறைய ஊற்றி அடுப்பில் ஏற்றினேன். மத்தியானம் போய்ப் பின்னேரமும் ஆயிற்று. கொதி வரவில்லை. கொதிக்காவிட்டால் எல்லாம் புளித்துப்போகும். வேறு வழியில்லாமல் அவளுக்கே போன் எடுத்தேன்.

"மெர்சி... கொதிக்குதில்லையடி."

"எத்தினை லீற்றர்?"

சொன்னேன்.

"உந்த அடுப்பில அது ஏலாது. தொடாதை, வாறன்."

சேர்ச் சமையலுக்கு எடுக்கும் பெரிய காஸ் அடுப்போடு வந்து இறங்கினாள். சாற்றை வாளிகளில் இறைத்து, கிடாரத்தைப் பின்வளவுக்குத் தூக்கிப்போய், திரும்ப ஊற்றினோம். ஒருவழியாகக் கொதித்தது.

"வாங்க முதல் என்னைக் கேட்டிருக்கலாமே?" என்றாள்.

"நீ என்னைக் கேட்டனியோ?"

மெர்சி துழாவுவதை நிறுத்தினாள். "உன்ர அடுப்பு நாறுறதைப் பாக்கேலாமத்தானடி வாங்கினனான். உனக்குக் காட்டிச் சந்தோசப்படுத்துவம் எண்டு..."

நானும் அவளோடு சேர்ந்து அகப்பைக் காம்பைப் பிடித்துக்கொண்டேன். அதன்பிறகு எத்தனையோ கோடை, பின்வளவில் இருவருமாக அந்தக் கிடாரத்திலேயே காய்ச்சினோம்.

இப்போது மெர்சி மியூனிக்கில், மகளோடு இருக்கிறாள். போன கிழமை ஒரு படம் அனுப்பினாள். பட்டனை அமர்த்தினால் தானே சூடாகி, தானே நிற்கிற புதுக் கிடாரம். சுற்றிவரப் பக்கத்து வீட்டு இந்தியத் தமிழ்ப் பெண்கள்.

"அதைப்போல ஒண்டு வாங்குவமோ?" என்று கணவர் கேட்டார்.

வேண்டாம் என்றேன். நான் கிடாரத்தைப் பார்க்கவே இல்லை. அவர்களில், மெர்சியின் தோளில் கைபோட்டபடி நின்ற ஒருத்தியைத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்...