லோயிஸ் டீச்சரும் தகரக் கூரையும்

லோயிஸ் சித்தூரில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கலியாணம் செய்துகொள்ளாதவர். யாருக்கும் பணிந்து போகாதவர் என்று சபையில் பெயர் உண்டு. 1926 பங்குனியில் அது எவ்வளவு உண்மை என்று தெரிந்தது.

முந்தின கோடையில் பள்ளியின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்து எரிந்துபோனது. பிள்ளைகள் தப்பியதே பெரிது. அந்தப் பயம் மேனேஜர் அசரியாவை விடவில்லை. நீலகிரியில் தாம் படித்த பள்ளியைப் போலவே, எரியாத தகரக் கூரையோடு நீளமாக ஒரு கட்டடம் எழுப்பினார். அங்கே குளிருக்காக வைத்திருந்த சின்னச் சன்னல்களும் இங்கே அப்படியே வந்தன. மேற்கே தாழ்வாரம் இல்லை.

கிறிஸ்துமஸ் சமயத்தில் திறந்தபோது எல்லாரும் மெச்சினார்கள். பங்குனி வெயிலில் மேற்குச் சுவரைத் தொட முடியவில்லை. மத்தியானத்தில் உள்ளே மூச்சு முட்டியது. ஒருநாள் பலகையில் கணக்குப் போட எழுந்த ஞானசௌந்தரி, மூக்கில் ரத்தம் வழிய அப்படியே சாய்ந்தாள். கங்காதர நெல்லூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பெண் அவள்.

லோயிஸ் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். வகுப்பே பின்னால் வந்தது. மறுநாளும் பாடம் கிணற்றடிப் புங்க மரத்தின் கீழேதான் நடந்தது.

புதுக் கட்டடம் இருக்க மரத்தடியில் உட்கார்ந்தால் மிஷனுக்கு என்ன பதில் சொல்வது என்று அசரியா கேட்டார். மறுபடி தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்றும் கேட்டார். ஓலை வேண்டாம், ஓடு போடுங்கள், மேற்கே தாழ்வாரம் இறக்குங்கள் என்றார் லோயிஸ்.

“உள்ள போறீங்களா, வேலைய விட்டுப் போறீங்களா?”

“ரெண்டும் இல்லீங்க. புள்ளைங்க வெந்துகினு இருக்கசொல்ல நான் கணக்கு சொல்லிக்கினு நிக்கமாட்டேன்.”

மறுநாள் காலை கேட்டில் அவரைத் தடுத்துவிட்டார்கள். எதிரே ரோட்டோரப் புளிய மரத்தடியில் பலகையைச் சாய்த்து வைத்து ஆரம்பித்துவிட்டார். வீட்டிலிருந்து வரும் பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்தார்கள். விடுதிப் பிள்ளைகள் புங்க மரத்தை விட்டு நகரவில்லை.

செய்தி கேட்டு ஞானசௌந்தரியின் தாய் பொன்னியம்மா வண்டி கட்டிக்கொண்டு வந்தாள். மத்தியானம் அந்தக் கட்டடத்துக்குள் போய்ச் சற்று நேரம் நின்று பார்த்தாள். வெளியே வந்து அசரியாவிடம், “எங்கூட்டு மாட்டக்கூட இந்நேரத்துக்கு நிழல்லதாங்க கட்டறோம்” என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அடுத்தடுத்து மற்றவர்களும் வந்து தங்கள் பிள்ளைகளை அழைத்துப்போனார்கள்.

கோடை விடுமுறையில் தகரம் இறங்கியது. மங்களூர் ஓடு ஏறியது. சன்னல்களை அகலமாக்கி, மேற்கே தாழ்வாரம் இறக்கினார்கள். அசரியாவே வெயிலில் நின்று வேலை வாங்கினார். அதையும் சொல்ல வேண்டும்.

மன்னிப்புக் கேட்டால் திரும்ப வரலாம் என்று லோயிஸுக்குச் சொல்லியனுப்பினார்கள். அவர் பதில் அனுப்பவில்லை. பள்ளி திறந்த அன்று யாரும் கூப்பிடாமலே வந்து வகுப்பைத் தொடங்கினார். அசரியா வாசல்வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். வெகுகாலம் லோயிஸோடு பேசவேயில்லை.

டீச்சர் இரகசியமாக மன்னிப்புக் கேட்டுவிட்டதாகச் சபையில் யாரோ கதை கட்டினார்கள். அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் லோயிஸ் எழுந்து நின்றார்.

“நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.