நெஸ்தோரின் கைக்குட்டை

ஒஃபேலியா பள்ளிச் சீருடை தைப்பவள். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் மகன் நெஸ்தோர் பழைய டயர் வாங்கப் பக்கத்து ஊருக்குப் போனான். அவன் ஓட்டிப் போன வண்டி கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. போன மாசம் அரசு அலுவலகத்தில் ஒரு தாளை நீட்டி, அவன் இறந்ததாகக் கையெழுத்துப் போட்டால் வழக்கை மூடிவிடலாம் என்றார்கள். அவள் பேனாவைத் தொடவில்லை.

அவள் நகரமான ஹலாப்பாவில் கலைவிழா வாரத்தில், நாடகக் கூடாரத்துக்கும் சோளக்கதிர் வண்டிக்கும் நடுவே அவளும் அவளைப் போலவே பிள்ளையைத் தேடும் பெண்களும் மேஜை போடுவார்கள். காணாமல் போன ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளைக் கைக்குட்டை. பாட்டுக் கேட்க வந்தவர்கள் உட்கார்ந்து ஒரு பெயரைத் தைத்துவிட்டுப் போகலாம். தேடப்படுகிறவருக்குப் பச்சை நூல், உடல் கிடைத்தவருக்குச் சிவப்பு. தன் பிள்ளை பெயரைத் தானே தைப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு. முன்பின் தெரியாத ஒருவர் அந்தப் பெயரோடு கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், அதற்குத்தான் மேஜையே.

இந்த வருஷம் நெஸ்தோர், ரொட்டிக்கடை எவரிஸ்தோவின் கைக்குப் போனான். கைக்குட்டைகளைத் தொங்கவிடக் கயிறு கட்டப் போன ஒஃபேலியா திரும்பி வந்து பார்த்தபோது, மூன்று மணி நேர உழைப்பை அவர் பெருமையோடு மடியில் விரித்து வைத்திருந்தார். தையல் நேர்த்தியாக இருந்தது. அத்தனையும் சிவப்பு.

ஒஃபேலியா குனிந்து அந்த எழுத்துகளையே பார்த்தாள்.

"என்னம்மா, கோணலா இருக்கா?"

"சிவப்புல தச்சிருக்கீங்க."

"பச்சைன்னுதானே எடுத்தேன்." அவர் நூலைக் கண்ணருகே கொண்டுபோனார். "பொறந்ததிலேருந்தே எனக்கு ரெண்டு நிறமும் ஒண்ணுதான். கேட்டிருக்கணும். வெக்கமா இருந்துச்சு."

மேஜை போட்ட பெண்களில் ஒருத்தியான செலா விடவில்லை. "அப்ப உங்க கடை ரொட்டி வெந்துச்சா வேகலையான்னு எப்படிய்யா பாக்குறீங்க?"

"தட்டிப் பாப்பேன், வாசனை பிடிப்பேன். உன் புருஷன் மாதிரி கருகவிட்டதில்லை."

செலா சிரித்தாள். ஒஃபேலியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு மணிக்கு வாத்தியக்காரர்களின் ஊர்வலம் கயிற்றுக்கு அடியில் போகும், ஊரே அண்ணாந்து பார்க்கும்.

"இதைத் தொங்கவிட்டா, அந்தத் தாள்ல நானே கையெழுத்துப் போட்ட மாதிரி" என்றாள்.

எவரிஸ்தோ கத்தரியை எடுத்தார். அவளும் உட்கார்ந்தாள். ஒரு முனையிலிருந்து அவர், மறுமுனையிலிருந்து அவள். துணி கிழியாமல் பிரிக்கப் பொறுமை வேண்டும். பேச்சுத் துணைக்கு, "பையன் எப்படி?" என்று கேட்டார் அவர்.

"சோம்பேறி. மழை வந்தா மட்டும் ஓடுவான், செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு. கால் நனைஞ்சா காயும், செருப்பு நனைஞ்சா காயாதும்பான்."

"விவரமானவன்தான்."

பிரித்து முடித்ததும் அவள் பச்சை நூலைப் பொறுக்கி ஊசியில் கோத்துக் கொடுத்தாள். பழைய துளைகளிலேயே அவர் ஊசியை இறக்கினார். மூன்று எழுத்து முடிவதற்குள் மேளச் சத்தம் கேட்டது. மற்ற கைக்குட்டைகள் எல்லாம் மேலே ஆடிக்கொண்டிருந்தன.

"அரையும் குறையுமா இருந்தாலும் குடுங்க, மாட்டிடறேன்" என்றாள் செலா.

"இரு" என்றாள் ஒஃபேலியா. "அவர் முடிக்கட்டும்."

ஊர்வலத்தில் எக்காளம் ஊதி வந்த ஒருத்தி, ஊரே மேலே பார்க்கையில் குனிந்து தைத்துக்கொண்டிருந்தவரைக் கண்டு நின்றாள். "யாரு பேருங்க?"

ஒஃபேலியா வாயெடுப்பதற்குள் எவரிஸ்தோ தலை நிமிராமல் சொன்னார்: "நெஸ்தோர். மழை வந்தா செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஓடுவான். ஏழு வருஷமா தேடிக்கிட்டிருக்கோம்."

ஒஃபேலியா அடுத்த ஊசியில் நூல் கோத்தாள்.