பாடினது ரெண்டு பேர்

அஞ்சு நாளா எனக்குச் சாப்பாடு சரியா இறங்கலை. போன் அடிச்சா திடுக்குனு இருக்கு. அடிக்கலைன்னா அதைவிடப் பயமா இருக்கு.

வாராவாரம் இந்தப் பத்தியில உட்கார்ந்துக்கிட்டு ஊருக்கெல்லாம் நியாயம் சொல்றவள் நான். இந்த வாரம் என் லட்சணத்தைச் சொல்லியாகணும். திட்டறதா இருந்தா முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க.

போன ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீரங்கத்துல நாங்க இருக்கிற ஃப்ளாட்ஸுக்கு ஆண்டு விழா. மொட்டை மாடியில ஷாமியானா போட்டு, சாயங்காலம் லைட் மியூசிக். பாட வந்தவங்க ரெண்டு பேர். ஒருத்தர் கவிதா. முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். திருவெறும்பூர்ல வீடு. அங்கேயே ஒரு பிரைவேட் ஸ்கூல்ல மியூசிக் டீச்சர். இன்னொருத்தர் பிரபு, அதே ஸ்கூல்ல கணக்கு சார். லீவு நாள்ல ரெண்டு பேரும் சேர்ந்து ரிசப்ஷன், கோயில் விழான்னு மேடையில பாடுவாங்க. இது ஸ்கூலுக்கும் தெரிஞ்ச விஷயம்தான்.

விழாவுக்கு முன்னாடி பாட்டு லிஸ்ட்டை வாங்கிப் பார்க்க ஒரு கமிட்டி உண்டு எங்க ஃப்ளாட்ஸ்ல. "கோயில் ஊரு மேடம். பெரியவங்க, சின்னவங்க எல்லாம் இருப்பாங்க. பார்த்து ஓகே பண்ணுங்க"ன்னு செக்ரட்டரி சம்பத் சார் சிவப்புப் பேனாவை என் கையில குடுத்துட்டார். எழுத்தாளராச்சே, எனக்கு அர்த்தமெல்லாம் புரியுமாம்!

நானும் விடலையே... ஒன்பது பாட்டை அடிச்சேன். முதல் பலி ஒரு மழை டூயட். நான் காலேஜ் படிச்சப்போ வந்த பாட்டு. மெட்டு அப்படி இருக்கும். ஆனா ரெண்டாவது சரணம் முடியற இடத்துல பாடறவங்க ஒரு பெருமூச்சு விடணும். அது இல்லாம அந்தப் பாட்டே இல்லை. "இது வேண்டாம்மா, ஒரு மாதிரி இருக்கும்"னு கவிதாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன். "சரிங்க மேடம், உங்க இஷ்டம்"னு மறு பேச்சு பேசாம ஒத்துக்கிட்டாங்க.

விழாவுல முதல் ஐட்டம் குழந்தைங்க டான்ஸ். ஆறு வயசுப் பொண்ணு ஒண்ணு, உதட்டைக் கடிச்சு, இடுப்பை வெட்டி, ஒரு குத்துப்பாட்டுக்கு ஆடிச்சு. அந்தப் பாட்டோட அர்த்தத்தை இங்கே எழுதினா எடிட்டர் எனக்கு நிரந்தரமா லீவு குடுத்துடுவார். நாங்க என்ன பண்ணினோம்? "ஸோ க்யூட்!"னு கை தட்டினோம். குழந்தைங்க பாட்டு லிஸ்ட்டை எங்க கமிட்டி கேட்கவே இல்லை. கேட்கணும்னு தோணவும் இல்லை.

அப்புறம் கச்சேரி. பாதியில சீட்டு வர ஆரம்பிச்சது. உங்களுக்குத் தெரிஞ்சதுதான் — பிடிச்ச பாட்டைத் துண்டுப் பேப்பர்ல எழுதி மேடைக்கு அனுப்பறது. பேர் போட வேண்டாம். அதுதான் அதுல சௌகரியம். சீட்டை வாங்கிப் பார்த்து, நல்ல பாட்டா இருந்தா மேடைக்குக் குடுக்கிற வேலையும் என்னுதுதான். மேடை ஓரத்துல ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டுக் குடுத்திருந்தாங்க. பத்துச் சீட்டு வந்தது. நம்ப மாட்டீங்க... அதுல ஏழு, நான் அடிச்ச பாட்டுங்க! ஏழையும் கைப்பைக்குள்ள திணிச்சேன். எவ்வளவு பெருமை தெரியுமா எனக்கு அப்போ!

அதுக்கு அப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் கூசுது.

காவிரிக் காத்து ஜிலுஜிலுன்னு அடிக்குது. கவிதா குரல் அந்தக் காத்துல வந்து காதுல விழுது. எனக்கு அந்த மழைப் பாட்டைக் கேட்கணும் போல ஆயிடுச்சு. அவ்வளவுதாங்க. பெரிய காரணம் எதுவும் கிடையாது. பையிலேர்ந்து ஒரு துண்டுப் பேப்பரை எடுத்தேன். இடது கையால எழுதினேன் — கையெழுத்து தெரிஞ்சுடக் கூடாதே! மத்த மூணு சீட்டோட சேர்த்து நானே மேடைக்கு நீட்டினேன். கவிதா அதைப் படிச்சுட்டு, 'இது அடிச்ச பாட்டாச்சே'ங்கிற மாதிரி என்னைப் பார்த்தாங்க. நான் பாடுங்கன்னு தலையாட்டினேன்.

ரெண்டு பேரும் பாடினாங்க. பெருமூச்சும் விட்டாங்க. நான் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டேன். மாடியே 'ஒன்ஸ்மோர்'னு கத்துச்சு. சம்பத் சார் விரலை மடிச்சு வாயில வச்சு விசில் அடிச்சார். அவருக்கு விசில் அடிக்க வரும்னு அவர் வீட்டம்மாவுக்கே அன்னிக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலையில ஒரு வீடியோ. இருபது செகண்ட். பெருமூச்சு இடத்தை மட்டும் கத்தரிச்சு எடுத்திருக்கு. எங்க ஃப்ளாட்ஸ் குரூப்புல வந்து, எங்கெங்கயோ சுத்தி, மத்தியானத்துக்குள்ள அந்த ஸ்கூல் பேரன்ட்ஸ் குரூப்புல விழுந்துடுச்சு. 'இவங்களா என் பொண்ணுக்குப் பாட்டு சொல்லித் தர்றது?'ன்னு ஒரு அம்மா. 'டீச்சர்னா ஒரு அடக்கம் வேண்டாமா?'ன்னு ஒரு அப்பா. அதே வீடியோவுல, பக்கத்துல நின்னு, கையை நீட்டி, கண்ணடிச்சுப் பாடிட்டு இருக்கார் நம்ம கணக்கு சார். அவருக்கு என்ன வந்தது தெரியுமா? 'சார், வாய்ஸ் செம!' கூடவே மூணு நெருப்பு எமோஜி.

சாயங்காலம் கவிதா போன் பண்ணினாங்க.

"மேடம், விளக்கம் எழுதிக் குடுக்கிற வரைக்கும் வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. வேலை போயிடும் போல இருக்குங்க. வீட்டுக்காரருக்கு கான்ட்ராக்ட் வேலை... எப்ப இருக்கும், எப்ப இருக்காதுன்னு தெரியாது. பொண்ணும் அங்கேதான் யூகேஜி படிக்கிறா. உங்க கமிட்டிதான் பாடச் சொல்லிச்சுன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்களேன் மேடம்."

கமிட்டியாம்! சீட்டு எழுதினது இந்தப் பாவிதான்னு அவங்களுக்குத் தெரியவே இல்லை. "பார்க்கறேம்மா"ன்னு சொல்லி போனை வச்சுட்டேன். பேச்சைப் பாருங்க... பார்க்கறேனாம்.

சம்பத் சார்கிட்ட ஓடினேன். "நாம எதுக்கு மேடம் தலையிடணும்? யாரோ எழுதினாங்க, அந்தப் பொண்ணு பாடிடுச்சு. முடியாதுன்னு சொல்லியிருக்கணும் இல்லையா?"ன்னார்.

"எழுதினது நான்தான் சார்."

அவர் சட்டுனு எழுந்து போய் வாசக் கதவைச் சாத்திட்டு வந்தார். "இதை வெளியில சொல்லாதீங்க. நாலு பேர் மதிக்கிற ஆளு நீங்க."

உண்மையைச் சொல்றேன், அந்த வார்த்தை எனக்கு இதமாத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை பூரா நான் எங்கேயும் போகலை. எழுதி எழுதிச் சேர்த்த பேராச்சே, இருபது செகண்ட் வீடியோவுல போயிடுமேன்னு நடுக்கம். அங்கே ஒருத்தி வேலையே போயிடுமோன்னு உட்கார்ந்திருக்கா. இங்கே நான் என் பேரைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். அன்னிக்கு என்னை எனக்கே பிடிக்கலை.

புதன்கிழமை காலையில கவிதாவை ஸ்கூலுக்கு வரச் சொல்லிட்டு நானும் கிளம்பிட்டேன். ஸ்கூல் வராந்தாவுல கவிதா, ஆஸ்பத்திரியில ரிசல்ட்டுக்கு உட்கார்ந்திருக்கிறவங்க மாதிரி இருந்தாங்க. கழுத்தை ஒட்டிப் பின் குத்தின காட்டன் புடவை. விஷயத்தைச் சொன்னேன். "வந்தீங்களே மேடம், அது போதும்"னாங்க. நாலு வார்த்தை திட்டியிருந்தாத் தேவலைன்னு இருந்தது எனக்கு.

உள்ளே போனோம். என் லெட்டரை நீட்டினேன். 'அந்தப் பாட்டு வேண்டாம் என்று தடுத்தவளும் நான். சீட்டு எழுதிப் பாடச் சொன்னவளும் நான். தவறு என்னுடையது.'

பிரின்சிபல் அம்மா படிச்சாங்க. படிச்சுட்டு... சிரிச்சாங்க!

"அட, நீங்களா மேடம்! உங்க பத்தியை ஒரு வாரம் விட மாட்டேனே! பாட்டுன்னா யாருக்குத்தான் ஆசை இல்லை? ரசிச்சுக் கேட்டிருக்கீங்க. இதுல என்ன தப்பு?"

எனக்கு காபி வந்தது. அப்பாடான்னு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்பதான் மேஜை மேல ஒரு பேப்பரை கவிதா பக்கம் நகர்த்தினாங்க. 'இனி எந்த மேடையிலும் சினிமாப் பாட்டு பாட மாட்டேன்.' இதுல கையெழுத்துப் போட்டா வேலை உண்டு.

கவிதா அதை ரெண்டு தடவை படிச்சாங்க. "பிரபு சாருக்கும் இது குடுத்திருக்கீங்களா மேடம்?"

"அவர் மேத்ஸ்மா. நீங்கதானே மியூசிக். பசங்க உங்களைப் பார்த்துத்தானே பாடக் கத்துக்கறாங்க?"

"அந்தப் பாட்டுல அவருக்கும் பாதி, எனக்கும் பாதிங்க. அவர் கையெழுத்துப் போட்டா நானும் போடறேன்."

அடேயப்பா! எனக்கு அந்த இடத்துலயே எழுந்து நின்னு கை தட்டலாம் போல இருந்தது. பிரின்சிபல் முகம் மாறிடுச்சு. "வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசிச்சுக்கோங்க"ன்னாங்க.

நான் சும்மா இருக்க முடியாம, "சினிமாப் பாட்டு கேட்க மாட்டேன்னு நானும் ஒரு கையெழுத்துப் போடட்டுமா?"ன்னேன். அதுக்கும் சிரிச்சாங்க. ஜோக்குன்னு நினைச்சுட்டாங்க போல.

நீங்களே சொல்லுங்க. பெருமூச்சு விடணும்னு அந்தப் பாட்டுல வச்சவர் ஒருத்தர். அதைக் கேட்டு வாங்கினது நான். விசில் அடிச்சது சம்பத் சார். கண்ணடிச்சது கணக்கு சார். படம் பிடிச்சு ஊர் பூரா அனுப்பின புண்ணியவான் யாருன்னே தெரியலை. இத்தனை பேருக்கும் சேர்த்து ஒழுக்கமா இருக்க வேண்டியது கவிதா மட்டுமா?

இன்னிக்கு வெள்ளிக்கிழமை. இதை எழுதிட்டு இருக்கும்போது போன் வந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டேன் மேடம். வேற வழி தெரியலைங்க."

"பிரபு சார் என்னம்மா சொன்னார்?"

"சார் இன்னிக்கு லீவுங்க. சாயங்காலம் சமயபுரத்துல ஒரு ரிசப்ஷன்ல கச்சேரி. என் இடத்துல பாட வேற ஒரு பொண்ணு கிடைச்சிருக்கா. அந்த மழைப் பாட்டுல பெருமூச்சை எங்கே விடணும்னு அவளுக்குப் பிடிபடலையாம், காலையில எனக்கு போன் பண்ணினா..."

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"பாட்டு டீச்சராச்சுங்களே மேடம்... சொல்லிக் குடுத்தேன்."