கணினிக்கு நேர்ந்த மண்டையப்பம்

எங்கள் வீட்டுக் கணினியைப் பிழைக்கவைத்தது மண்டைக்காட்டு அம்மனுக்கு நேர்ந்துகொண்ட மண்டையப்பம்தான் என்று வீட்டில் நம்பினார்கள். தலைநோவு உள்ளவர்கள் அம்மனுக்கு அப்பம் நேர்ந்துகொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். கணினிக்கு வந்திருப்பதும் தலைநோவுதான் என்பது அத்தையின் முடிவு. யாரோ கல்யாணப் படங்களோடு கொண்டுவந்த பென்டிரைவிலிருந்து வைரஸ் தொற்றி, திரை நீலமாகி, தானாக அணைந்து அணைந்து எழுந்துகொண்டிருந்தது. மார்த்தாண்டத்துக் கடைக்காரரும் கைவிரித்துவிட்டார். அத்தை தமக்கு ஒன்றும் கணினிக்கு ஒன்றுமாக நேர்ந்துகொண்டு மாசிக் கொடைத் திருவிழாவுக்குப் புறப்பட்டுப் போனார்.

அத்தை அப்பாவின் மூத்த சகோதரி. தாலுகா அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்; கல்யாணம் செய்துகொள்ளாமல் அப்பாவைப் படிக்கவைத்தவர். ஆகவே கணினிக்கு முன்னிருந்த நாற்காலி, அது வந்த நாளிலிருந்தே அவருடையதாயிற்று. அப்பா மஸ்கட்டில் இருந்தார். வெள்ளிக்கிழமை மதியங்களில் அவர் முகம் திரையில் வரும். அத்தை நாற்காலியில் இருப்பார், நான் அவர் பக்கத்தில், அம்மா பின்னால் கதவோரம். இங்கே ஒரு குறையுமில்லை, மாடி எழும்பும்வரை அங்கேயே இரு என்று அத்தை சொல்வார். பேச்சு முடியும் நேரத்தில் திரும்பி, "ஏட்டி, ஒனக்கு என்னமும் சொல்லணுமா?" என்று கேட்பார். அம்மா ஒன்றுமில்லை என்று தலையசைப்பாள்.

அன்றைக்கே கொடை விடுமுறைக்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பி, நாகர்கோவிலில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தார். பையிலிருந்து ஒரு குறுந்தகட்டை எடுத்து, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம், பழையது மொத்தமும் அழிந்துவிடும், அதோடு வைரஸும் ஒழியும் என்றார். செத்ததற்கு இனி என்ன சாவு என்று அம்மா சம்மதித்தாள். சற்று நேரத்தில், எந்த மொழி வேண்டும் என்று திரை கேட்டது. மாவுக் கையோடு எட்டிப் பார்த்த அம்மா, வரிசையாக இறங்கிய மொழிகளுக்கு நடுவே ஒன்றைக் கண்டு மாமாவை நிறுத்தினாள்.

"இதுக்குத் தமிழ் தெரியுமாலே?"

தெரியும் என்றார் மாமா. அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் அதில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

கடைசியில் ஒரு கடவுச்சொல் வைக்கவேண்டியிருந்தது. "ஆருட்டயும் சொல்லாண்டாம் அக்கா. என்ட்டயும் சொல்லாண்டாம்" என்று மாமா முகத்தைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே நின்ற அயனிச்சக்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடி அழுத்தினாள். திரையில் கறுப்புப் புள்ளிகளே விழுந்தன. பிறகு கோப்பு, திருத்து, குப்பைத்தொட்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாய்விட்டுப் படித்தாள்.

சாயங்காலம் அத்தை திரும்பினார். கணினி எழுந்திருப்பதைக் கண்டு கும்பிட்டு, பிரசாத அப்பத்தைப் பிட்டு எங்களுக்குக் கொடுத்துவிட்டு நாற்காலியில் அமர்ந்தார். திரை கடவுச்சொல்லைக் கேட்டது. அத்தை அம்மாவைக் கேட்டார்.

"அவிய பேருதான் மைனி" என்றாள் அம்மா.

அத்தை அப்பாவின் பெயரை அடித்தார். திறக்கவில்லை. முன்னெழுத்தோடு அடித்தார், வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரை அடித்தார், அதற்கும் திறக்கவில்லை. "நீ எப்பிடி வச்ச? சொல்லு."

"அவிய பேர நான் எப்பிடிச் சொல்லுவேன்?"

"எழுதியாவது காட்டு."

"எழுதுனாலும் சொன்னது போலத்தானே மைனி."

கல்யாணமான புதிதில், தபால்காரரிடம் அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லிவிட்டாளாம். புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் இந்த வீட்டில் இல்லை என்று அப்போது திருத்தியவர் அத்தை. அவர் எழுந்துபோய் மண்டைக்காட்டிலிருந்து கொண்டுவந்த பையைப் பிரித்து அடுக்கத் தொடங்கினார்.

அந்த வெள்ளிக்கிழமை நாற்காலியில் அம்மா இருந்தாள். அத்தை கதவோரம் நின்று, தம்பியிடம் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பிறகு கொடியில் துணி கிடக்கிறது என்று கொல்லைப்பக்கம் போனார். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"நீங்க எப்ப வருவிய?"

மாடி முடியட்டும் என்றார் அப்பா.

"மாடி வேண்டாம். நீங்க வந்தாப் போதும்."

அப்பா பதில் சொல்வதற்குள் அம்மா என்னை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். நான் கொல்லையில் அத்தையின் பக்கத்தில் போய் நின்றேன். கொடியில் துணி ஒன்றும் இல்லை.

ஐப்பசி மழைக்கு முன் அப்பா ஊரோடு வந்துவிட்டார். லினக்ஸின் சின்னமான பென்குயின்தான் அவரைக் கூட்டிவந்தது என்று பள்ளியில் சொன்னேன். அத்தை மண்டையப்பம் என்றார். மாடி எழும்பவே இல்லை. அத்தை மறுபடி கடவுச்சொல்லைக் கேட்கவுமில்லை.

இந்த ஆண்டு அம்மாவுக்குப் புதிய மடிக்கணினி வாங்கிக் கொடுத்தேன். லினக்ஸ்தான் வேண்டும், அதுவும் தமிழில் வேண்டும் என்றாள். கடவுச்சொல் இடும் கட்டம் வந்ததும் மாமாவைப் போல நானும் ஜன்னல் பக்கம் திரும்பினேன். அம்மா சிரித்தாள்.

"திரும்பாண்டாம் மக்கா. பழசுதான். அது அப்பா பேரு இல்ல, என் பேரு."

அந்த வீட்டில் அவள் அத்தைக்கு ஏட்டி, மாமாவுக்கு அக்கா, எனக்கு அம்மா; அப்பாவோ "இஞ்ச பாரு" என்றுதான் கூப்பிடுவார். அன்று அத்தை அடித்துப் பார்த்த பெயர்களில் அது இல்லை. அவர் பக்கத்தில் நின்று பெயர்களை எடுத்துக்கொடுத்த எனக்கும் அது தோன்றவில்லை. அந்தப் பெயர் ஒரு வெள்ளிக்கிழமை மதியத்துக்காக அப்படிக் காத்திருந்தது என்பதோ, அத்தைக்கும் தம்பியைப் பார்க்க வாரத்தில் அந்த ஒரு மதியம்தான் இருந்தது என்பதோ எனக்கு அப்போது தெரியாது.

அப்பா இறந்துவிட்டார், அவருக்கு முன்பே அத்தையும். மாமா பெங்களூரில் இருக்கிறார். அந்த வீட்டில் இப்போது அம்மா மட்டும் இருக்கிறாள். காலையில் காப்பி குடித்து முடித்ததும், தன் பெயரை எழுதி உள்ளே போகிறாள்.