பெயின்ட்டுக்கு அடியில் ஒரு பொட்டு

பழைய இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, தேய்ந்ததை மாற்றி, அளந்து பூட்டினால் அதற்குப் பெயர் ரீபில்ட். அப்படியே பெயின்ட் அடித்து மரப்பெட்டிக்குள் உட்கார வைத்தாலும் ரீபில்ட்தான் என்று செங்கல்பட்டில் ஒரு கடைக்காரர் என்னிடம் சாதித்தார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேளம்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே, நானும் அறை நண்பனும் சேர்ந்து வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. இரண்டே இருக்கை, உட்கார்ந்தால் தரை கைக்கு எட்டும். முன்பு வைத்திருந்தவர் சதுரங்கப்பட்டினத்துக்காரர். ரேடியேட்டருக்கு வீட்டு போர்வெல் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார். கடலோரத்து உப்பு உள்ளிருந்தே இன்ஜினைத் தின்றுவிட்டது. நல்ல வேளையாக, நம்மூர்ப் பழைய டாக்சிகளில் ஓடிய இன்ஜினும் இதுவும் ஒரே குடும்பம், தேடினால் கிடைக்கும். ஆனால் ஓடாத வண்டிக்கு இங்கே இடமில்லை, பொங்கலுக்குள் எடுத்துவிடுங்கள் என்று குடியிருப்போர் சங்கம் சொல்லிவிட்டது. இன்னொரு இன்ஜின் வாங்க எங்களுக்கு வழியில்லை. தவறாகத் தேர்ந்தெடுத்தால் கார் காயலான் கடைக்குத்தான்.

கடைக்காரர் பெட்டியின் மூடியைத் திறந்தார். வைக்கோல் நடுவே பச்சைப் பசேலென்று இன்ஜின். மேலே ஈரம் காயாத சந்தனம், குங்குமம்.

"போன வாரம் பூட்டுனது சார். எறக்கி வெச்சி சாவிய போடு, போய்கினே இரு."

"ஹெட்டைக் கழட்டி உள்ளே காட்டுங்கண்ணே."

"பூஜ போட்ட இன்ஜினு. பிரிச்சா ராசி பூடும்."

"மச்சான், ராசியும் கம்ப்ரஷன்ல சேருமாடா?" என்றான் நண்பன்.

நான் இன்ஜினைத் தடவிக்கொண்டிருந்தேன். புதுப் பொட்டுக்குப் பக்கத்தில், பெயின்ட்டுக்கு அடியில் வட்டமாக ஒரு மேடு தட்டுப்பட்டது. நகத்தால் சுரண்டினேன். பச்சை பெயர்ந்து காய்ந்த சந்தனம் தூளாக உதிர்ந்தது. நடுவில் சிவப்பு.

"இது எப்போ வெச்ச பொட்டு?"

அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "ஆயுத பூஜைக்கு வெச்சது. சாமி பொட்டு சார், அத்த போய் கழுவுவாங்களா?"

"காஸ்டிக்ல வெந்த இன்ஜின்ல சந்தனம் எப்படிண்ணே நிக்கும்? ஆயுத பூஜைக்கு அப்புறம் ஒரு நட்டைக்கூட நீங்க தொடலை."

"படிச்ச பசங்கள்ட்ட இதான் பேஜாரு. பளபளன்னு கேப்பீங்க. குடுத்தா நோண்டுவீங்க."

நாங்கள் எங்கே பளபளப்பைக் கேட்டோம்? நாவலூரில் வேலை என்று சொன்னதுமே அவராக முடிவு கட்டிக்கொண்டார்: ஐடி பசங்க, மேலே மினுக்கினால் போதும். பொய்யைவிட இதுதான் எனக்கு உறைத்தது. கிளம்பலாம் என்று திரும்பியபோது, கடையின் பின்பக்கம் தார்ப்பாய் மூடியிருந்த ஒன்று கண்ணில் பட்டது.

"அது வேணாம் சார். பாக்க நல்லா இருக்காது. பெயின்ட்டு கூட அடிக்கல."

தார்ப்பாயை விலக்கினேன். அதே ரக இன்ஜின் இன்னொன்று, பிரித்த நிலையில். பிஸ்டன்கள் துணிமேல் வரிசையாகக் கிடந்தன. கொண்டுபோயிருந்த கேஜை வைத்து நாலு சிலிண்டரையும் மேலும் கீழும் அளந்தேன். நாலும் ஒன்றுபோல் இருந்தன, தேய்மானமே இல்லை. கிராங்கும் புதிதாகக் கடைந்தது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் இரண்டு மடங்கானது. ஒழுங்காகச் செய்த வேலையைத் தார்ப்பாய்க்குள் ஒளித்துவிட்டு, செய்யாத வேலையைப் பெட்டியில் வைத்துக் காட்டுகிறார் மனுஷன்!

"இதான் வேணும். எங்க முன்னாடி பூட்டுங்க."

"இன்னா தம்பி, நம்ம மேல நம்பிக்கையே இல்லியா?"

"இல்லைண்ணே."

சனிக்கிழமை முழுக்க அங்கேயே உட்கார்ந்து, ஒவ்வொரு போல்ட்டும் முறுக்கப்படுவதைப் பார்த்தோம். சாயங்காலம் இன்ஜினைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக் கட்டினோம். கடைக்காரர் ஒரு கையில் பச்சை டப்பாவும் பிரஷ்ஷுமாக, மறு கையில் சந்தனக் கிண்ணத்தோடு ஓடி வந்தார்.

"வெறும் இரும்பா போவுதே சார். ஒரே ஒரு கோட்டு அடிச்சி, பொட்டு வெச்சி வுட்டுர்றேன்."

"பொட்டு வைங்க. பெயின்ட் கிட்டயே வரக் கூடாது."

"எண்ண பிசுக்குல பொட்டு நிக்காது சார். உதுந்துடும்."

"உதிரட்டும்ணே," என்றேன்.